பனிக் கூடாரத்துள் பொருள் வைக்கும் முறை



அமெரிக்க நாட்டின் மினசோட்டா மாநிலத்தில் பணிபுரியும் தம் மகன் அனுப்பிய நிழற்படம் ஒன்றைக் கண்டு திகைத்துப்போன அம்மையார் ஒருவர் நமக்கு மடல் எழுதியிருக்கிறார். உறைந்து கிடக்கும் ஏரியின் நடுவே ஒரு துணிக் கூடாரம். அதனுள் மகனும் பேரனும் பனியில் குடைந்த துளையொன்றின் அருகே தூண்டிலும் கையுமாக அமர்ந்திருக்கிறார்கள். "இரண்டு பேர் முழங்கால் இடிக்க உட்காரும் இடத்தில் இத்தனை சாமான்களை எங்கே வைக்கிறார்கள்? அடுப்பு வேறு எரிகிறதே!" என்பது அவருடைய வினா. அக்கூடாரத்திற்குள் தானே பைகளும் தாங்கிகளும் பொருத்திக்கொள்ளப் போவதாக மகன் எழுதியிருக்கிறாராம். வீடு நடத்திப் பழகிய கண், பார்க்க வேண்டியதைத்தான் பார்த்திருக்கிறது. ஆதலின் இம்மாதம் இப்பகுதியை அதற்கே ஒதுக்குகிறோம். குளிர் நாடுகளில் பிள்ளைகளைக் கொண்டுள்ள பிற குடும்பங்களுக்கும் இது பயன்படக்கூடும்; டொராண்டோ நகரைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் பல்லாயிரம் வாழ்கின்றன, அந்நகருக்கு வடக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள சிம்கோ ஏரியிலும் இம்மீன்பிடிப்பு பெரிதும் நடைபெறுகிறது.

முதலில் ஏரியைப் பற்றி ஒரு சொல். நீர் 4 பாகை செல்சியஸ் வெப்பநிலையில்தான் மிகுந்த அடர்த்தியுடன் இருக்கிறது. அதற்கும் கீழே குளிரும் நீர் இலேசாகி மேலே தங்கி அங்கேயே உறைகிறது. ஆகையால் ஏரி மேற்பரப்பில் மூடி போட்டதுபோல் உறைய, அதன் அடியில் மீன்கள் குளிர்காலம் முழுவதும் உயிர் வாழ்கின்றன. மினசோட்டாவின் மில் லாக்ஸ் போன்ற பேரேரிகளில் 'வால்ஐ', 'பெர்ச்' முதலிய மீன்களைத் தேடி, மக்கள் பனியில் துளையிட்டு, இரண்டு மூன்று அடியே நீளமுள்ள குட்டைத் தூண்டில் கோல்களை இறக்குகிறார்கள். வெளியே வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழ் 20 பாகை வரை இறங்குவது அங்கு அரிதன்று. அதனால்தான் கூடாரம்.

முற்காலத்தில் மரப் பலகையாலான சிறு வீடுகளை ஏரியின்மேல் இழுத்துச் சென்று பருவம் முழுவதும் ஓரிடத்திலேயே நிறுத்திவைத்தனர். இன்றும் அவை உண்டு. ஆனால் மீன் ஓரிடத்திலேயே இருப்பதில்லை. இதை நன்குணர்ந்த மினசோட்டாக்காரர் டேவ் கென்ஸ் என்பவர், 1980-களில் 'ஃபிஷ் டிராப்' என்னும் கூடாரத்தைப் பரப்பினார். படகைப்போன்ற ஒரு தொட்டி; அது பனியின்மேல் சறுக்கிச் செல்லும். அதன் விளிம்பில் பொருத்திய குழாய்ச் சட்டத்தில் துணி மடிந்து கிடக்கும். வேண்டிய இடத்தை அடைந்ததும், தொட்டியிலுள்ள இருக்கையில் அமர்ந்து, வண்டியின் மேற்கூரையை மூடுவதுபோல் சட்டத்தைத் தலைக்குமேல் புரட்டினால் கூடாரம் ஆயிற்று. மீன் இல்லையேல் மறுபடி மடித்துக்கொண்டு அடுத்த துளைக்குப் போகலாம். வீட்டளவில் குடும்பத் தொழிலாகத் தொடங்கிய இது, பின்னர் கிளாம் என்னும் நிறுவனத்தின் பெயரால் விற்பனையாயிற்று. குடைபோல் விரியும் வேறு வகைக் கூடாரமும் உண்டு. அதில் தொட்டி இல்லை. பொருள் வைப்பதற்கென மாற்றியமைக்க ஏற்றது தொட்டியோடு கூடிய வகையே. நிழற்படத்தில் இருப்பதும் அதுவே.

அதனுள் என்னென்ன செல்கின்றன? பனியைக் குடையும் துரப்பணம், நான்கைந்து தூண்டில் கோல்கள், கடுகளவும் பயறளவுமான ஈயம், டங்ஸ்டன் முள்கள் நிறைந்த பெட்டிகள், உயிருள்ள சிறு மீன் அல்லது புழு இரை, துளையில் மிதக்கும் பனித்தூளை வாரியெடுக்க நம் பூந்திக் கரண்டியை ஒத்த ஒரு கரண்டி, நீரின் அடியில் மீன் வருவதைக் காட்டும் எதிரொலிக் கருவியும் அதன் மின்கலமும், வாயு அடுப்பு, விளக்கு, மீன் வாயிலிருந்து முள்ளைக் கழற்றும் குறடு, கையுறை, மாற்றுக் கையுறை, தேநீர்க் குடுவை, உணவு. இவையனைத்தையும் ஒரு வாளியில் திணித்துக்கொண்டு போகிறவர் இன்றும் பலர். வாளியின் அடியில் கிடக்கும் குறட்டை எடுக்க மேலேயுள்ள பத்துப் பொருளையும் பனியில் பரப்ப வேண்டும். பரப்பியவற்றுள் ஒன்று துளைக்குள் உருண்டு விழுவது வழக்கம். அதைத் திரும்பப் பெறுவதற்கில்லை.

இவ்விடத்தில்தான் அம்மையாரின் வினா பொருள் பெறுகிறது. பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையில், நனைந்த வெறுங்கை சில நிமிடங்களில் உணர்விழக்கிறது. சிறு முள்ளைக் கட்டவோ முடிச்சிடவோ கையுறையைக் கழற்றியே தீர வேண்டும். அந்நிமிடங்கள் அரியவை. அவற்றைத் தேடுவதில் செலவிடுகிறவனுக்குக் கட்டுவதற்கு விரல் இராது. ஆகவே, பொருள்களை அழகாக அடுக்குவது எப்படி என்று மகன் தொடங்கவேண்டியதில்லை. எந்தப் பொருளைக் கையுறையோடு எடுக்க முடியும், எதற்குக் கையுறை கழற்ற வேண்டும் என்று பிரித்துப் பார்க்கட்டும். கையுறை கழற்றி எடுக்க வேண்டியவை உட்கார்ந்த நிலையிலேயே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்; மற்றவை எங்கிருந்தாலும் தாழ்வில்லை. சந்தையில் விற்கும் அழகிய அடுக்குப் பெட்டிகள் பலவற்றின் பூட்டை விரல் நுனியால்தான் திறக்க முடியும் என்பதை வாங்குமுன் கருதிப் பார்க்க வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். கோடையிலோ இலையுதிர் காலத்திலோ, வீட்டின் கொட்டகையில் கூடாரத்தை முழுவதும் விரித்து, அதனுள் உட்கார்ந்து தொடங்குவது நன்று. துளைகள் எங்கே வரும் என்று தரையில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொள்க. வலக்கைக்காரருக்குத் தூண்டில் கோல்கள் வலப்புறம். எதிரொலிக் கருவி இரு துளைகளுக்கும் நடுவே சற்று முன்னால். கரண்டி இடக்காலின் அருகே. துளையைச் சுற்றிலும் முழங்கைவரை வெறுமையாக விட்டுவிட வேண்டும். மீன் மேலே வரும் தறுவாயில் நூல் சுற்றிக்கொள்ள ஒரு கொக்கி அருகில் இருந்தாலும் போதும், மீன் போய்விடும்.

தூண்டில் கோலின் நுனி முறிவதே இத்தொழிலில் மிகுதியான இழப்பு. அதுவும் மீனால் முறிவது குறைவு, வண்டியில் ஏற்றி இறக்குகையில் முறிவதே மிகுதி. ஆதலின் பயணத்தின்போது கோல்கள் உறுதியான உறைக்குள் படுத்த நிலையில் கிடக்க வேண்டும். அமர்ந்து பிடிக்கும்போது அவற்றை நிறுத்திவைக்க, ஒன்றரை அங்குலப் பி.வி.சி. குழாயை ஓர் அடி நீளத்துக்கு அறுத்து, மேல் விளிம்பை அரத்தால் மழுக்கி, ஒரு பக்கம் நெடுக வெட்டிவிட்டால் கோலின் உருளை அவ்வெட்டில் அமர்ந்துகொள்ளும். இத்தகைய குழாய் மூன்றைத் தொட்டியின் பின்சுவரில் பிடிப்பட்டையால் இறுக்கலாம். செலவு மிகச் சிறிது. கடையில் இதே வேலைக்கு விற்கும் தாங்கியின் விலையைக் கேட்டால் குழாயின் அருமை விளங்கும்.

தொட்டியில் துளையிடுவது பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இத்தொட்டிகள் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. கடுங்குளிரில் அடிபட்டால், சரியாக இடப்படாத துளையிலிருந்து விரிசல் ஓடக்கூடும். ஆகையால் வெதுவெதுப்பான இடத்தில், கூரிய துரப்பணத்தால், வட்டமாகத் துளையிட்டு, இருபுறமும் அகன்ற வாஷர் வைத்து நட்டை முடுக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினாலும் பிளாஸ்டிக் நசுங்கும். துளைகளைத் தொட்டியின் அடித்தளத்தில் இடலாகாது; பனியின்மேல் தேங்கும் குழம்பு நீர் அவ்வழியே உள்ளே ஏறி, எல்லாவற்றையும் ஒட்ட உறையச் செய்துவிடும். சுவரின் மேற்பகுதியே தக்க இடம். போல்ட்டின் தலை கூடாரத்தின் உள்ளே தொடையில் குத்தாதவாறு வழவழப்பாக இருக்கட்டும்.

துணிச் சுவரில் பைகளைத் தைத்துவிடலாமே என்று தோன்றும். அதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். ஊசித் துளை வழியே காற்றும் ஈரமும் புகும். நிறைந்த பை தொங்கித் துணியை இழுக்கும். இப்போது வரும் கூடாரங்களில் குளிர் தாங்கும் பொருட்டுத் துணி இரண்டு மூன்று அடுக்காகத் தைக்கப்பட்டிருப்பதால் ஓரிடத்தில் பிரிந்தால் நெடுகப் பிரியும். பாரம் எதுவாயினும் சட்டக் குழாயில்தான் தொங்க வேண்டும். கதவின் பின்னால் காலணிகளைச் செருகி வைப்பதற்குத் தொங்கவிடும் பல பைத் துணியைப் பலர் வீட்டிலும் காணலாம். அதில் பாதியை வெட்டி, மேல் ஓரத்தில் வெல்க்ரோ ஒட்டுப் பட்டை தைத்துப் பின்புறக் குழாயைச் சுற்றி ஒட்டிவிட்டால், குறடு, கத்தி, முள் பெட்டி, கைவிளக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனி அறை கிடைத்துவிடும். மகனுக்காக இதைத் தைத்து அனுப்பும் தாயார், பைகளின் வாயைக் கையுறை அணிந்த கை நுழையும் அளவுக்கு அகலமாக வைப்பாராக. ஒவ்வொரு பையிலும் எது இருக்க வேண்டுமென்று ஒருமுறை முடிவு செய்தபின் மாற்றலாகாது. இருளிலும் கை தானே அங்கு செல்ல வேண்டும்; தம் வள்ளத்தில் எந்தக் கயிறு எங்கே என்று நள்ளிரவிலும் அறிந்திருக்கும் நம் கடலோர மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கூரைக்குக் கீழே இரு குழாய்களுக்கிடையே ஒரு வலையை ஊஞ்சல்போல் கட்டுவது மிகச் சிறந்த ஏற்பாடு. அடுப்பின் வெப்பம் மேலே தங்குவதால் நனைந்த கையுறையும் தொப்பியும் அங்கே காயும். இலேசான பொருள்களுக்கு மட்டுமே அது. ஒரு குடுவையை அதில் வைத்தவரின் தலைக்கு நாம் பொறுப்பேற்க இயலாது. அடுப்புக்கு நேர் மேலே வலையோ பையோ எதுவும் தொங்கக் கூடாது.

அடுப்பைப் பற்றி அம்மையார் கொண்ட அச்சம் முற்றிலும் நியாயமானது. புரோப்பேன் வாயு அடுப்பு அடைத்த இடத்தில் எரியும்போது ஆக்சிஜன் குறைகிறது. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகக்கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் தூக்கமுமாகத் தொடங்கி உயிரைக் கொள்ளை கொள்ளும். கூடாரத்தில் காற்றுப் போக்கிகள் இருக்கும். பொருள் அடுக்கும் ஆர்வத்தில் அவற்றின்மீது ஒரு பையைத் தொங்கவிட்டு அடைத்துவிடுவதுதான் கொடிய தவறு. பைத் துணியை எங்கே கட்டுவது என்று பார்க்குமுன் காற்றுப் போக்கிகள் எங்கே என்று பார்த்துக் குறியிட்டுக்கொள்ள வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் தானே அணையும் அடுப்புகள் விற்கின்றன, அவை நன்மையே. எனினும் அவ்வமைப்பு நச்சு வாயுவை அளப்பதில்லை. மின்கலத்தில் இயங்கும் சிறு எச்சரிக்கைக் கருவி ஒன்றை முகத்தின் உயரத்தில் குழாயோடு கட்டிவைக்க வேண்டும். அடுப்பு நிற்பதற்குத் துணியிலிருந்து விலகிய, எளிதில் கவிழாத ஓர் இடத்தைத் தொட்டியின் மூலையில் ஒதுக்கி, அந்த இடத்தில் வேறெதையும் வைக்காதிருக்கப் பழக வேண்டும். மாற்று வாயு உருளை கூடாரத்துக்கு வெளியே, நிமிர்ந்த நிலையில் இருக்கட்டும்.

இத்தனை இடங்களைச் சொன்ன பிறகு, கூடாரத்துக்குள் இடம் தரக் கூடாத பொருள்களையும் சொல்லியாக வேண்டும். மினசோட்டா அரசின் இயற்கை வளத்துறை, புதிதாக உறைந்த தெளிந்த பனி குறைந்தது 4 அங்குலம் இருந்தால்தான் நடந்து செல்லலாம் என்கிறது. ஸ்னோமொபைல் என்னும் பனிமோட்டார் வண்டிக்கு 5 முதல் 7 அங்குலம். வெண்மையான பனி தெளிந்த பனியின் பாதி வலிமையே உடையது; ஆகவே அதற்கு இருமடங்கு தடிப்பு வேண்டும். எந்தப் பனியும் முழுவதும் நம்பத்தக்கதன்று என்றும் அத்துறையே கூறுகிறது. கால் தவறி நீரில் விழுந்தவரின் நிலையைக் கனடாவிலுள்ள மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் ஆராய்ந்து, மூன்று எண்களில் சுருக்கிச் சொல்லியிருக்கிறார்: 1, 10, 1. மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம். கைகால்கள் பயன்தரும் வகையில் அசைய ஏறத்தாழ 10 நிமிடம். குளிரால் நினைவிழக்க ஏறத்தாழ 1 மணி நேரம்.

அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவர் வழுக்கும் பனி விளிம்பைப் பற்றி மேலே ஏற வேண்டும். அதற்கென இரு கைப்பிடிகளில் ஆணி பொருத்திக் கயிற்றால் இணைத்த கருவி ஒன்று உண்டு. ஆணியைப் பனியில் குத்திக் குத்தி உடலை இழுத்துக்கொள்ளலாம். பார்ப்பதற்கு அற்பமான பொருள். இதற்காகக் கூடாரத்தில் அழகான ஒரு சிறு பை தைத்து, அதில் பத்திரமாக வைத்திருப்பவர் உண்டு. விழுகிறவர் கூடாரத்திலிருந்து விழுவதைவிட, அதை இழுத்துக்கொண்டு நடக்கையில் விழுவதே மிகுதி. அவ்வேளையில் கூடாரம் அவருக்குப் பின்னால் கயிற்றில் வந்துகொண்டிருக்கும். ஆகவே அவ்வாணிக் கருவி கழுத்தில் தொங்க வேண்டும். ஊதியும் அவ்வாறே. கைப்பேசி நீர் புகாத உறையில் மேலாடையின் உட்பையில் இருக்க வேண்டும். உடலின் சூட்டில் அதன் மின்கலமும் நெடுநேரம் உழைக்கும். பேரனைச் சேர்த்து அழைத்துச் செல்வதானால் அவன் கழுத்திலும் ஓர் ஆணிக் கருவி தொங்கட்டும். மிதவைச் சட்டை அவன் உடலில் இருக்கட்டும், தொட்டியில் கிடக்க வேண்டாம். மீட்புக் கயிறு மட்டும் தொட்டியின் வெளி விளிம்பில், ஒரே இழுப்பில் கழன்று வருமாறு ரப்பர்ப் பட்டையால் பிடிக்கப்பட்டிருக்கலாம். அது பிறரைக் காப்பாற்றுவதற்கு.

அடுத்தது பாரம். இருவர் அமரும் தொட்டிக் கூடாரங்களுள் பெரியவை வெறுமையாகவே 50 கிலோவைத் தாண்டுகின்றன. அலமாரி, தட்டு, கொக்கி என்று ஆர்வத்தோடு சேர்த்துக்கொண்டே போனால், எளிதில் இடம் மாறுவதற்கென்றே உருவான பொருள் இடம் மாற முடியாததாகிவிடும். பிறகு அவர் மீன் இல்லாத துளையருகே, மிகச் சிறப்பாக ஒழுங்குபடுத்திய கூடாரத்தில், மாலை வரை அமர்ந்திருப்பார். மரப்பலகைத் தட்டு வேண்டவே வேண்டாம். நனைந்தால் பாரம் கூடும். எதிரொலிக் கருவிக்கு வழக்கமாக வரும் 12 வோல்ட் காரீய மின்கலம் ஏறத்தாழ 2.5 கிலோ எடையுள்ளது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் அதில் பாதியும் இராது, குளிரையும் நன்கு தாங்கும், விலைதான் மிகுதி. இழுக்கும்போது பாரமானவை தொட்டியின் நடுவிலிருந்து சற்றுப் பின்னால் இருந்தால் மூக்கு மேலெழுந்து பனிக்குவியலில் புதையாமல் செல்லும். துரப்பணத்தின் அலகுக்குக் கட்டாயம் உறை வேண்டும். சவரக் கத்தியை ஒத்த அவ்வலகு குலுங்கும் தொட்டியில் துணியையும் கிழிக்கும், கையையும் கிழிக்கும். ஸ்னோமொபைல் கொண்டு இழுப்பவர் கயிற்றை நம்பாமல் விறைப்பான இழுகம்பி பொருத்திக்கொள்ள வேண்டும். வண்டி திடீரென நின்றால் கயிற்றில் கட்டிய தொட்டி நில்லாமல் வந்து மோதும்.

எல்லாம் பொருத்தி முடிந்தபின் இரண்டு சோதனைகள். கூடாரத்தை மெல்ல மும்முறை புரட்டி மடித்துப் பார்க்க வேண்டும்; புதிய தாங்கியின் மூலை எதிலாவது துணி சிக்குமாயின் முதல் நாளே கிழியும். மூலைகளை மழுக்கி, பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிவிட்டால் போதும். இரண்டாவது சோதனை பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, தடித்த கையுறையுடன் கூடாரத்துள் தந்தையை உட்கார வைத்து, "குறடு", "கரண்டி", "கைவிளக்கு" என்று வெளியிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பத்து எண்ணுவதற்குள் வராத பொருளுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்று பொருள். பிள்ளைகள் நடுவராக இருக்கும்போது சலுகை கிடைக்காது.

குப்பைக்கும் ஒரு பை தனியே வேண்டும். பனியின்மேல் எதையும் விட்டு வருவது மினசோட்டாவில் சட்டப்படி குற்றம். அது உருகும்போது ஏரிக்குள் போய்விடும். சிறுமீன் இரை வைத்திருந்த ஏரி நீரையும் அங்கேயே கொட்டிவிட்டுத்தான் புறப்பட வேண்டும், ஏனெனில் ஓர் ஏரியின் நீரோடு அந்நிய உயிரினங்கள் மறு ஏரிக்குப் பரவுகின்றன.

வீடு திரும்பியதும் கூடாரத்தை அப்படியே மூலையில் தள்ளிவிடலாகாது. மூச்சுக் காற்றின் ஈரமும் அடுப்பின் நீராவியும் துணியில் உறைந்து பலகைபோல் ஆகியிருக்கும். வெதுவெதுப்பான இடத்தில் விரித்து முழுவதும் உலர்த்த வேண்டும். இல்லையேல் பூஞ்சணம் பிடிக்கும், தைத்த பைத் துணியே முதலில் நாறும். லித்தியம் மின்கலத்தைக் குளிர்ந்த நிலையில் மின்னேற்றினால் கெட்டுவிடும்; வீட்டுச் சூட்டுக்கு வந்தபின்தான் மின்னேற்ற வேண்டும். பருவம் முடிந்து கூடாரத்தைக் கட்டி வைக்குமுன் ஒவ்வொரு பையிலும் கைவிட்டுப் பார்ப்பது நன்று. பெர்ச் மீனுக்கு இரையாகும் மெழுகுப் புழு டப்பி ஒன்று ஏதேனும் ஒரு பையில் தங்கிவிட்டால், கொட்டகை சூடேறும் மே மாதத்தில் அது தன் இருப்பை வீட்டிலுள்ள அனைவருக்கும் தானே அறிவிக்கும்.